இருபது நிமிட நிம்மதி

தம்பி கை கழுவாமல் சாப்பிட உட்கார்ந்தான்.

அவள் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவக் கல்லூரியின் டாக்டர்கள் சாப்பிடும் கூடத்தில், மதியம் இரண்டு மணிக்கு, யார் யாரைக் கவனிக்கிறார்கள்? பத்து நிமிடத்தில் எதையாவது வாயில் திணித்துக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் இவன் அப்படிப்பட்டவன் இல்லை. அறுவை சிகிச்சைப் பிரிவில் மேற்படிப்பு, இரண்டாம் வருடம். சோப்புப் போட்டுப் போட்டு விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போய், வீட்டில் அம்மா களிம்பு தடவிவிடும் அளவுக்குக் கை கழுவுகிறவன். கதவைக்கூட முழங்கையால்தான் தள்ளுவான். "மகாராஜா கதவைத் தொட மாட்டாரு" என்று அவளே எத்தனையோ முறை கிண்டல் செய்திருக்கிறாள்.

இன்று வார்டிலிருந்து நேராக வந்தான். எதிரே உட்கார்ந்தான். ரொட்டியை இரண்டாகக் கிழித்தான். வலது கட்டைவிரல் நகத்துக்குள் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

"கை கழுவுனியாடா?"

அவன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "கழுவணுமா என்ன?" என்றான் சிரித்துக்கொண்டே.

"எங்கேர்ந்து வர்றே?"

"டிரெஸ்ஸிங் பண்ணிட்டு வர்றேன்க்கா. பதினோராம் பெட். சுகர்காரர், கால்ல புண்ணு."

சொல்லிக்கொண்டே அந்தக் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பினான். வெளியே எடுத்தபோது நகம் சுத்தமாக இருந்தது.

அவள் எழுந்து ஓடிப்போய் வாஷ்பேசினில் குனிந்தாள். காலையில் குடித்த தேநீர் வரை வெளியே வந்தது. பதினாறு வருடமாக டாக்டர் வேலை பார்க்கிறாள், சீழும் ரத்தமும் மலமும் அவளுக்குப் புதிதில்லை. அதையெல்லாம் பார்த்து வாந்தி எடுத்ததாக ஞாபகமே இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, தம்பி அவளுடைய தட்டையும் தன் பக்கம் இழுத்துவைத்து, முட்டையை முழுசாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.

"உனக்கு வேணாம்னு நெனச்சேன்க்கா," என்றான். வாயெல்லாம் பல்.

மூன்று வாரத்துக்கு முன்னால் இதே தம்பிதான் மாடிப்படியில் உட்கார்ந்து குழந்தைமாதிரி தேம்பினான். முப்பத்துநாலு மணி நேரம் தொடர்ந்து டியூட்டி. அவன் வயதுப் பையன் ஒருவன் அவன் கையிலேயே செத்துப்போயிருந்தான். "எவ்வளவு கழுவுனாலும் இந்த நாத்தம் போக மாட்டேங்குதுக்கா. என்னால முடியலக்கா. எங்கேயாவது ஓடிடலாமான்னு இருக்கு." அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருடம் ஒரு மாணவி மொட்டை மாடிக்குப் போனவள் படி வழியாகத் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகுதான், டாக்டர்களும் மனிதர்கள் என்பது கல்லூரிக்கு ஞாபகம் வந்தது.

ஞாபகம் வந்து என்ன செய்தார்கள்? டியூட்டி நேரத்தைக் குறைத்தார்களா? காலியாகக் கிடக்கும் இடங்களுக்கு ஆள் போட்டார்களா? லீவு கேட்டால் லெக்சர் கொடுத்தார்கள். காலை ஏழு மணிக்கு மூச்சுப் பயிற்சி, வராதவர்கள் எழுத்தில் விளக்கம் தரவேண்டும். வாசலில் ஒரு பேனர், அதில் யாரோ ஒரு வெள்ளைக்கோட்டு அழகி சிரித்துக்கொண்டிருந்தாள். இந்தக் கண்துடைப்புக்கெல்லாம் ஒரு கமிட்டி. கமிட்டிக்கு அவளே செயலாளர், உதவிப் பேராசிரியையாகவே எட்டு வருடம் இருந்துவிட்டதால், ஒரு நல்ல ஆய்வுக்கட்டுரை வந்தால் பதவி உயர்வுக்கு ஆகும் என்று ஒப்புக்கொண்டது. அதை நினைத்தால் இப்போது அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கமிட்டி செய்த ஒரே உருப்படியான காரியம் நிம்மதி அறை. தரைத்தளத்தில், நோய்க்குறியியல் துறைக்குப் பின்னால், பழைய ஸ்டோர் ரூமைக் காலி செய்து ஒரு சாய்வு சோபா போட்டார்கள். முடியாதவர்கள் சீட்டு வாங்கிக்கொண்டு போய் இருபது நிமிடம் படுத்திருக்கலாம். போனவர்கள் நன்றாகி வந்தார்கள். நம்பவே முடியாத அளவுக்கு நன்றாகி வந்தார்கள். தம்பியின் சீட்டில் கையெழுத்துப் போட்டவள் அவள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய் அந்த வாசலில் விட்டவளும் அவள்தான். இருபது நிமிடம் கழித்து அவன் சீட்டியடித்துக்கொண்டு வெளியே வந்தபோது, சந்தோஷத்தில் அவள் அழுதே விட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்திலிருந்து அவள் நேராக அறுவை சிகிச்சை வார்டுக்குப் போனாள். வாசலிலேயே நாற்றம் மூக்கைத் துளைத்தது. தலைமை நர்ஸ் அவளுக்காகவே காத்திருந்தவள்போல எழுந்து வந்தாள்.

"மேடம், நானே உங்களைத் தேடி வரணும்னு இருந்தேன். பதினோராம் பெட்டைக் கொஞ்சம் வந்து பாருங்க."

கட்டு வெள்ளையாக, அழகாக, மடிப்புக் கலையாமல் இருந்தது. தம்பியின் கைவேலை என்றைக்குமே அப்படித்தான். அதற்குக் கீழே படுக்கை விரிப்பில் பழுப்பாக ஒரு வட்டம். நர்ஸ் கட்டை அவிழ்க்க அவிழ்க்க நாற்றம் கனத்துக்கொண்டே போனது. கடைசிச் சுற்றை எடுத்ததும் புண் அசைந்தது.

புழு. ஒன்றிரண்டு இல்லை. வெந்து குழைந்ததுபோல் கிடந்த சதைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, கொழுத்து, வெள்ளையாக, வரிசை வரிசையாக. இவ்வளவு வளர இரண்டு மூன்று நாளாவது ஆகியிருக்கும். படுத்திருந்த பெரியவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக்க மூடியிருந்தார். அந்த வெட்கம்தான் அவளை மிகவும் வதைத்தது.

"இப்பத்தானே டாக்டர் கட்டுப் போட்டுட்டு வந்தாரு?" என்றாள்.

"போட்டாரு மேடம். பார்த்தாரு, பார்த்துட்டு அப்படியே மேல மூடிட்டாரு. சிரிச்சுக்கிட்டே." நர்ஸ் அவிழ்த்த கட்டைத் தட்டில் போட்டாள். "சார், புழு இருக்கேன்னு சொன்னேன். ஆமா இருக்குன்னாரு. அவ்வளவுதான். நோட்டுல 'நலம்'னு எழுதியிருக்காரு."

ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. தட்டில் விழும் ஒவ்வொன்றுக்கும் மெல்லிய, ஈரமான ஒரு சத்தம். முகக்கவசத்துக்குள் அவளுக்கு வாய் உப்புக்கரித்துக்கொண்டே இருந்தது. எப்போது முடியும், எப்போது இந்த நாற்றம் போகும் என்று அவள் கை தானாக வேகம் கூட்டியது.

"ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க மேடம்," என்றாள் நர்ஸ், தட்டை மூடிக்கொண்டே. "எங்களுக்கும்தான் குமட்டுது. அதனாலதான் சீக்கிரம் சுத்தம் பண்ணணும்னு தோணுது. அந்த ரூமுக்குப் போய்ட்டு வர்ற டாக்டருங்களுக்கு அது தோணவே மாட்டேங்குதே. நல்லவேளை, எங்களையெல்லாம் அங்க விடல."

தன் அறைக்குத் திரும்பி, கதவைச் சாத்திக்கொண்டு, நிம்மதி அறையின் படிவங்களை எடுத்துப் பரப்பினாள். அறைக்குள் போவதற்கு முன்னும் பின்னும் டாக்டர்கள் நிரப்பிக் கொடுத்த கேள்வித்தாள்கள். முப்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண். கேள்விகளை எழுதியது அவள். வேலைக்கு வர வெறுப்பாக இருக்கிறதா. காரணமில்லாமல் அழுகை வருகிறதா. அவற்றோடு சேர்த்து, இருபத்திரண்டாவது கேள்வி: புண், சீழ், நாற்றம் ஆகியவற்றைக் கண்டால் அருவருப்பு ஏற்படுகிறதா. இருபத்துமூன்று: இறந்த நோயாளியை நினைத்துத் தூக்கம் கெடுகிறதா. இருபத்துநாலு: தவறு செய்துவிடுவோமோ என்ற பயம் இருக்கிறதா.

எல்லாவற்றையும் நோய் என்றுதான் அவள் கணக்கில் எடுத்திருந்தாள். எண் குறைந்தால் குணம், பூஜ்யம் என்றால் பூரண குணம். நாற்பத்தோரு டாக்டர்கள். நாற்பத்தோரு பேருக்கும், முப்பது கேள்விக்கும், பூஜ்யம். போன வாரம் அந்த அட்டவணையைப் பார்த்து அவள் எழுந்து நின்று கைதட்டாத குறைதான்.

அவளுக்கு உடம்பு கூசியது. எதையெல்லாம் எடுத்துப் போட வேண்டும் என்று உட்கார்ந்து பட்டியல் எழுதிக் கொடுத்தவள் அவளே அல்லவா?

கல்லூரி முதல்வரைப் பார்க்கப் போனாள். அவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் இஸ்திரி. சட்டையிலும் சுருக்கம் இருக்காது, பேச்சிலும் இருக்காது. மேஜைமேல் தேநீர்க் கோப்பை ஆறிப்போய் இருந்தது. ஏடு கட்டிய தேநீரில் ஒரு பெரிய ஈ மிதந்தது. கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

"வாங்கம்மா, வாங்க. கட்டுரை எப்போ அனுப்பறோம்?"

"சார், அந்த அறையை மூடணும். இன்னிக்கே மூடணும்."

அவள் சொன்னதையெல்லாம் இஸ்திரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பதினோராம் பெட், புழு, தம்பியின் விரல் எல்லாவற்றுக்கும் அதே புன்னகை. கேட்டுக்கொண்டே கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் குடித்தார். பல்லுக்கு நடுவே எதுவோ நொறுங்கும் சத்தம் கேட்டது. அவர் மென்று விழுங்கினார்.

"நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்கம்மா," என்றார். "டாக்டர்கள் லிஸ்ட்ல இன்னும் போகாதது நீங்க ஒருத்தர்தான். இன்னிக்கு அஞ்சு மணிக்கு உங்களுக்குச் சீட்டுப் போட்டு வெச்சிருக்கேன். நானே தினம் போறேன். சொர்க்கம்."

அவருடைய கீழுதட்டில் கறுப்பாக, மயிரிழை அளவில், ஒரு கால் ஒட்டியிருந்தது.

அவள் வெளியே வந்தாள். வீட்டுக்கு ஓடிவிடலாம், ராஜினாமா எழுதிவிடலாம். அம்மா கேட்பாள், தம்பி எங்கேடி என்று. தட்டை வழித்துத் தின்கிற இந்தச் சிரித்த முகத்தைக் காட்டி, இதோ என்று சொல்வதா? அவளுக்கு அந்த மாடிப்படித் தம்பி வேண்டும். அழுதுகொண்டிருந்தாலும் பரவாயில்லை, வேலையை விட்டுவிட்டு வீட்டில் சும்மா கிடந்தாலும் பரவாயில்லை, அவன் வேண்டும். போட்ட இடத்தில்தானே தேட முடியும்? மணி நாலேகால். கோட்டுப் பையில் கட்டு வெட்டும் கத்தரி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினாள்.

தரைத்தள நடைவழியில் வெளிச்சம் இருந்தது, ஆள் இல்லை. நோய்க்குறியியல் துறையின் மூடிய கதவுகளைத் தாண்டும்போது உறுப்புகளை ஊறவைக்கும் ஃபார்மலின் நெடி கண்ணைக் கரித்தது. அதைத் தாண்டியதும் இன்னொரு வாசனை. அறைக்குத் தெளிக்கும் பூவாசனைத் திரவம், மலிவானது, தலையை வலிக்கவைக்கும் இனிப்பு. அதற்கு அடியில் புளித்த ஒன்று. நாள்முழுக்கப் போட்டிருந்த ரப்பர் கையுறையை உள்பக்கம் வெளியே வரும்படி உரிக்கும்போது வருமே, அந்த வாடை.

கதவைத் திறந்தாள். இளம்பச்சைச் சுவர், மங்கலான விளக்கு. எங்கோ ஒளித்துவைத்த ஸ்பீக்கரில் அலையோசை, ஏறி, இறங்கி, மறுபடி ஏறி. நடுவில் சோபா.

வாங்கும்போது கூடப் போயிருந்தவள் அவள். ஒருவர் படுக்கும் சோபா அது. இப்போது மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். உறை பிதுங்கி, தையல் ஓரங்கள் வெளுத்து இழுபட்டு நின்றன. உட்காரும் இடம் நனைந்து கறுத்திருந்தது. விரல் நுனியால் அழுத்தினாள். உடம்புச் சூடு. அழுத்திய இடத்தில் கலங்கலாக நீர் ஊறிவந்து விரலைச் சுற்றித் தேங்கியது. எடுத்து முகர்ந்தாள். வியர்வை. கண்ணீர். இன்னும் ஏதோ.

அலையோசைக்கு நடுவே வேறொரு சத்தம் இருந்தது. அவள் ஸ்பீக்கரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினாள். அலை நின்றது.

மூச்சு நிற்கவில்லை.

சோபாவின் முதுகு மெல்ல ஏறியது. இறங்கியது.

ஓடிவிடு என்றது கால். அவள் கத்தரியை எடுத்தாள். உறையின் ஓரத்தில் குத்தி இழுத்தாள். துணி கிழிந்ததும் உள்ளிருந்தது தானாகப் பிதுங்கி வெளியே வந்தது. பஞ்சு இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக, நார் நாராக, ஈரச் சதை. அங்கங்கே முடி. சளி படர்ந்து மினுமினுத்தது. நாற்றம் முகத்தில் அறைந்தது. பதினோராம் பெட் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாந்தி தொண்டை வரை வந்தது, விழுங்கினாள், மறுபடி வந்தது.

அந்தச் சதைக்குள்ளிருந்து குரல்கள். நிறைய. தாழ்வாக, ஒன்றின்மேல் ஒன்று ஏறி.

"என்னால முடியல."

"இன்னும் எத்தனை கேஸ் இருக்கு?"

"நான்தான் கொன்னுட்டேன். டோஸ் தப்பாப் போட்டது நான்தான்."

அது மூத்த மயக்கவியல் பேராசிரியரின் குரல். காலையில்தான் அவளிடம் ஜோக் சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்.

"அக்கா."

அவள் கிழிசலருகே குனிந்தாள்.

"அக்கா, நீதானே? இங்க மூச்சு முட்டுதுக்கா. எல்லாரும் மேல மேல வந்து விழறாங்க. என்னை எடுத்துருக்கா."

அவள் கத்தரியைக் கீழே போட்டுவிட்டு முழங்கை வரை கையை உள்ளே விட்டாள். வெதுவெதுப்பு. வழவழப்பு. எதையெதையோ தள்ளிக்கொண்டு துழாவினாள். விரல்கள் தட்டுப்பட்டன. இடுக்குகளில் தோல் வெடித்த விரல்கள். அவை அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டன. அழுதுகொண்டே இழுத்தாள். அவள் தம்பிதான். நாறிக்கொண்டு, அழுகிக்கொண்டு, அவள் தம்பி. வரவில்லை. காலை ஊன்றி இழுத்தாள்.

பின்னால் கதவு திறந்தது. சீட்டியொலி.

"அடடா, கிழிச்சிட்டியாக்கா?" என்றான் தம்பி. கையில் தையல் தட்டு இருந்தது. "பரவாயில்ல, தச்சுடலாம்."

அவளுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தான். பிதுங்கிக் கிடந்ததை வெறுங்கையால் அள்ளி, தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல் பதமாக உள்ளே திணித்தான். வளைந்த ஊசியை இடுக்கியில் பொருத்தி, கிழிசலின் அந்தக் கோடியிலிருந்து ஆரம்பித்தான். முதல் குத்து. உள்ளே அந்த விரல்கள் துடித்தன. "அக்கா!"

"நிறுத்துடா! உள்ளே இருக்கறது யாரு தெரியுமா? நீடா!"

"தெரியும்க்கா," என்றான் அவன், முடிச்சை இறுக்கிக்கொண்டே. "ரொம்ப அழுவான். நான் தினமும் வந்து பார்த்துட்டுதான் போறேன்."

இரண்டாவது தையல். மூன்றாவது. சீரான இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் ஓர் அலறல். அவள் இழுத்தாள். சதை முழங்கையைத் தாண்டி மேலே ஏறியது, கதகதப்பாக.

"கையை எடுக்காதக்கா. இருபது நிமிஷந்தான். அப்படியே சாஞ்சுக்கோ."

அவள் சாயவில்லை. ஆனால் நாற்றம் குறைந்திருந்தது.

அது புரிந்ததும் அவள் வேண்டுமென்றே மூச்சை ஆழமாக இழுத்து முகர்ந்தாள். இல்லை. குறையக்கூடாது. குமட்ட வேண்டும். அவள் அந்தப் புழுக்களை நினைத்தாள், வரிசை வரிசையாக. முதல்வரின் உதட்டில் ஒட்டிய அந்த ஈயின் காலை நினைத்தாள். குமட்டியது. இன்னொரு முறை நினைத்தாள். லேசாகக் குமட்டியது. இன்னொரு முறை.

புழு. வெறும் புழு.

ஏழாவது தையல்.

பூவாசனை நன்றாக இருந்தது. தோள் இறங்கியது. எத்தனையோ வருடமாகப் பிடரியில் உட்கார்ந்திருந்த வலி, இறங்கிப் போனது. உள்ளே யாரோ அவள் விரல்களைப் பிடித்துக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். எதற்கு இவ்வளவு அழுகை?

அவள் விரல்களை விரித்தாள். கை வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. முழங்கைக்கு மேல் வரை மஞ்சளாகப் பளபளத்தது. துடைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

"அவ்வளவுதான்க்கா, கடைசித் தையல்," என்றான் தம்பி. நூலை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்துச் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. "நூலை வெட்டு."

அவள் தரையிலிருந்து கத்தரியை எடுத்தாள். தையலுக்கு அடியில், தம்பியின் குரலுக்குப் பக்கத்தில், இப்போது புதிதாக ஒரு பெண் குரல் சேர்ந்து அலறியது.

"தம்பி! என் கையைப் பிடிச்சுக்கோடா! விட்டுடாதடா!"

அவள் குனிந்தாள். முடிச்சுக்கு அரை அங்குலம் விட்டு, நூலை வெட்டினாள்.